விவாகரத்துக்குப் பிறகு மாத பட்ஜெட் ஏன் இடிக்கிறது? (காரைக்குடிக் கணக்கு)

2025 ஜூன் 8, இரவு. தேவகோட்டை வாசகி கேட்டது:

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கையில் வரும் சம்பளம் 18,500. பையனுக்காக அவர் 7,000 தர வேண்டும், தருகிறார். செலவை எழுதிப் பார்த்தால் மாதம் 22,000. அப்படியானால் 3,500 மிஞ்ச வேண்டும். ஆனால் மூன்று மாதமாக இருபது தேதிக்கு மேல் கைமாற்று வாங்குகிறேன். சம்பளத்தில் ஐம்பது சதவீதம் தேவைக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு என்று பிரிக்கச் சொல்கிறார்கள். எங்கே ஓட்டை?

ஜூன் 9, காலை

ஐம்பது முப்பது இருபதைத் தூக்கி அடுப்பில் போடுங்கள். 18,500-இல் முப்பது சதவீதம் ஆசைக்கு என்றால் 5,550 ரூபாய். அவ்வளவு ஆசை யாருக்கு இருக்கிறது.

நான் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. காரைக்குடியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் இரண்டு கடைகளுக்கும் எழுதுகிறேன். ஊர்க் கணக்கையெல்லாம் நேர் செய்கிற நானே முதல் இரண்டு வருடத்தில் நாலு முறை வளையலை அடகு வைத்தேன். அதனால் நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் 22,000-இல் பள்ளிக் கட்டணம் இருக்கிறதா? வண்டி இன்சூரன்ஸ்? தீபாவளித் துணி? பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு பஸ் வந்துவிட்டது.

ஜூன் 9, இரவு

இல்லை என்கிறார். நினைத்தேன்.

என் கணக்கையே வைக்கிறேன். மாதச் செலவு: வாடகை 6,500, மளிகை 6,000, பால் 1,800, காய்கறி கறி மீன் 3,200, கரண்ட் 700, கேஸ் 600, பெட்ரோல் 1,200, பள்ளி வேன் 1,000, போனும் நெட்டும் 700, சில்லறை 1,500. மொத்தம் 23,200. சம்பளம் 23,400, கடைக் கணக்கில் 3,000, பிள்ளைக்கு அவள் அப்பா தருவது 9,000. ஆக 35,400. தாளில் பார்த்தால் மாதம் 12,200 மிஞ்சும். ராணி மாதிரி இருந்திருக்க வேண்டும்.

இப்போது வருடத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம் வருகிறவை. பள்ளிக் கட்டணம் 36,000. புத்தகம், சீருடை, ஷூ 7,500. தீபாவளி 12,000. பொங்கல் 4,000. மொய் 15,000. ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 21,000. வண்டிக்கு 5,500. குலதெய்வம் கோயில் 5,000. காய்ச்சல், பல்வலி, கண்ணாடி 8,000. கூட்டினால் 1,14,000. பன்னிரண்டால் வகுத்தால் 9,500.

அந்த 9,500தான் உங்கள் ஓட்டை. எந்த மாதத்திலும் அது அந்த மாதச் செலவாக முகம் காட்டாது. ஜூனில் ஒரு வேஷம், ஐப்பசியில் வேறு வேஷம்.

ஜூன் 10

"இதற்கும் விவாகரத்துக்கும் என்ன சம்பந்தம், எல்லா வீட்டிலும் இதே கதைதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது. சேர்ந்திருந்தபோது இந்த வருடச் செலவுகளை யாராவது ஒருவர் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக் கட்டணம் அவருடைய போனஸ், தீபாவளி என் சீட்டுப் பணம். நோட்டில் இரண்டும் வரவே வராது. பிரிந்த பிறகு ஒரே தலையில் இரண்டும் வந்து உட்காருகின்றன.

இன்னொன்று, மூன்று பேர் இரண்டு பேரானால் செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று நினைத்தேன். வாடகை குறையவில்லை. நெட் குறையவில்லை. கேஸ் சிலிண்டர் பத்து நாள் கூடுதலாக வந்தது, அவ்வளவுதான். குறைந்தது அரிசியும் காபித்தூளும் மட்டும். (காபி அவர்தான் அதிகம் குடிப்பார். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.) அந்தப் பக்கம் அவருக்கும் இதே கதைதான், ஒரு அடுப்பு இரண்டு அடுப்பாகிவிட்டதே.

ஜூன் 14

என் ஐயா, அதாவது தாத்தா, கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அங்கே 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், அதே பெரிய வீட்டுக்குள்ளேயே இளையவர்களுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். வீடு ஒன்று, சமையல் வேறு. அவர்களுக்கு நெல், சாமான், செலவுப் பணம் எல்லாம் வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தருவார்கள். அதற்குள் ஓட்ட வேண்டும். மாமியார் கரண்டியை எடுக்க மாட்டார், மருமகளும் போய்க் கேட்க மாட்டாள்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்தேன். போன வருடம் வளையலை நாலாவது முறை மீட்டுக்கொண்டு வந்த இரவில்தான் உறைத்தது. இருபது வயசுப் பிள்ளைகளுக்கே வருடக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முப்பத்தாறு வயது, நான் மாதத்தைத் தாண்டி யோசித்ததில்லை.

அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் "வேறு வைத்தது" என்று எழுதி தேதி போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "யாரு தாயி உன்னை வேறு வச்சது?" என்றார். நானேதான் என்றேன்.

ஜூன் 15

நேற்று சொல்ல மறந்தது. என் முறை: சம்பளம் வயிற்றுக்கு, அவர் தரும் 9,000 வருடச் செலவுக்கு. அது வந்ததும் வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அதற்கு ஏடிஎம் கார்டே வாங்கவில்லை. 9,500-க்கு 9,000, கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது பாருங்கள். அந்தப் பணம் ஒரு மாதம் தாமதமானாலும் அரிசிப் பானை காயாது.

ஜூன் 19

மேலே எழுதியது தவறு. அப்படியே விட்டுவைக்கிறேன், அழிக்கவில்லை.

புதுவயல் ரைஸ் மில் அண்ணன் ஒரே வரியில் கேட்டார்: "அவர் நிறுத்திவிட்டால் முதலில் நிற்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணமா?" மூன்று வருடம் கணக்கு எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை. இந்த வருடம் மே மாதப் பணம் இன்னும் வரவில்லை, ஜூனும் வரவில்லை. கட்டணத்துக்குக் கடைசித் தேதி ஜூன் 30.

திருப்பிப் போட்டேன். கட்டணம், புத்தகம், காப்பீடு மூன்றும் என் உழைப்பில்: 64,500, மாதம் 5,375. மாதச் செலவு போக என்னிடம் மிஞ்சுவது 3,200. குறை 2,175. மூன்றாவதாக ஒரு கடைக் கணக்கைப் பிடித்தேன், 1,500. வண்டியை வாரத்தில் நான்கு நாள் நிறுத்திவிட்டு டவுன் பஸ், பெட்ரோலில் 700 மிச்சம். 2,200 ஆயிற்று. எனக்கு மாதம் இருபத்தைந்து ரூபாய் லாபம். மிட்டாய் வாங்கிக்கொள்வேன்.

தீபாவளி, பொங்கல், மொய், கோயில், வண்டி, ஆஸ்பத்திரி ஆகியவை அவர் பணத்தில். மாதம் 4,125 போதும். மீதி 4,875 வந்தால் சேமிப்பு. வராவிட்டால் தீபாவளிக்குப் பழைய பாவாடை. பிள்ளை பள்ளிக்குப் போவாள்.

ஜூன் 21

அண்ணனுக்குப் பதில் மரியாதை: அரிசி விவரம் அவரிடமே கேட்டேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பொட்டல அரிசிக்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. 25-க்கு மேல் போனால் இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை. நான் இத்தனை நாளும் ஒரு கிலோ இனாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருக்கு 26 கிலோ என்றால் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும். வண்டு விழாமல் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைக்கிறேன்.

ஜூன் 27

டவுன் பஸ்ஸைக் கேலி செய்தவர்களுக்கு: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் இதுவரை பெரும்பாலும் கௌரவத்துக்காக வண்டியில் போனேன். மாதம் 700 ரூபாய் கௌரவம்.

ரேஷன் அட்டை கேட்டவருக்கு: முன்னாள் கணவரின் அட்டையிலிருந்து உங்கள் பெயரையும் பிள்ளையின் பெயரையும் நீக்கினால்தான் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். இதைப் பிரிகிற பேச்சுவார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெயரை நீக்கச் சொல்லி நான்கு பேரை வைத்துப் பேச வேண்டியிருக்கும். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி இலவசம். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் மாதம் ஐந்நூறு தாராளமாகத் தேறும்.

கரண்ட் தனிப் புலம்பல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. எங்கள் மாடிக்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். வீடு பார்க்கும்போது தண்ணீர், கக்கூஸ் பார்க்கிற மாதிரி மீட்டரையும் எண்ணுங்கள்.

ஜூலை 3

மே, ஜூன், ஜூலை மூன்றும் சேர்ந்து 27,000 வந்தது. போனில் மெசேஜ் பார்த்ததும் முதலில் தோன்றியது: ஃப்ரிட்ஜ் மாற்றலாம். நோட்டைத் திறந்தேன், மூன்று மாதத்தையும் அதனதன் வரியில் பிரித்து எழுதினேன், ஃப்ரிட்ஜ் காணாமல் போயிற்று.

ஜூலை 12

வக்கீல் தோழி ஒருவர் மூன்று விஷயங்களில் என்னைத் திருத்தியிருக்கிறார். நன்றி.

ஒன்று. மொத்தமாக வாங்கிக்கொண்டால் பிள்ளைக்குப் பிறகு கேட்க முடியாது என்று எங்கோ சொல்லியிருந்தேன். தவறு. அம்மா தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை அதோடு போய்விடாது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 26-இன்படி பிள்ளைச் செலவுக்கான உத்தரவைப் பிற்பாடு மாற்றச் சொல்லியும் மனுப் போடலாம்.

இரண்டு. மனைவிக்கு ஒரே தொகையாக வரும் ஜீவனாம்சத்துக்கு வருமான வரி இல்லை, மாதாமாதம் வந்தால் அது வருமானம். நம் சம்பளத்துக்கு இரண்டாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புது முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் எனக்குக் குத்தியது. ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு பக்கமும் சொத்து, வரவு, செலவைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்னது. நானும் தாக்கல் செய்தேன். அதில் என்ன எழுதினேன்? வாடகை, மளிகை, பால், பெட்ரோல். மாதக் கணக்கு. பள்ளிக் கட்டணத்தை "நேரும்போது" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறேன். 9,000 அங்கேதான் முடிவானது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானே குறைத்து எழுதினேன்.

வழக்கு இன்னும் முடியாதவர்கள் இந்தக் குறிப்பை மட்டுமாவது படியுங்கள். மற்றதெல்லாம் என் அரட்டை.

ஜூலை 16

தேவகோட்டைத் தோழிக்கு: உங்கள் சம்பளம் வருடத்துக்கு 2,22,000. மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், கரண்ட் வருடம் 3,600 யூனிட்டுக்குள். நேற்று தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் விண்ணப்பம் வாங்குகிறார்கள். போய்க் கேளுங்கள், மாதம் ஆயிரம். என் சம்பளம் 2,80,800, எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 4

ஆடிப்பெருக்கு முடிந்தது. மொய்ப் பேச்சு.

மேலே மொய் 15,000 என்றதும் மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள், வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் மொய் என்பது பரிசு இல்லை, எழுதி வைத்த கடன். 2012-இல் என் கல்யாணத்துக்கு எழுதிய நோட்டு அவர் வீட்டில் இருக்கிறது. 2017-இல் மகளுக்குக் காது குத்தியபோது எழுதியது என்னிடம் இருக்கிறது. கோர்ட் நகையைப் பிரித்தது, கட்டில் பீரோவைப் பிரித்தது. மொய் நோட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பக்கத்துச் சொந்தம் என் மகள் காதுகுத்துக்கு எழுதிய ஆயிரத்தை இப்போது யார் திருப்புவது?

அப்பா சொன்னது: "உன் முகத்துக்கு எழுதினவங்களுக்கு நீ எழுது. அவன் முகத்துக்கு எழுதினவங்களுக்கு அவன் எழுதட்டும்." நல்ல தீர்ப்புதான். நோட்டோடு உட்கார்ந்தேன். 63 பெயர். அதில் பதினோரு பேர் யார் முகத்துக்கு எழுதினார்கள் என்று சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டு பேர் என் முன்னாள் நாத்தனாரின் தோழிகள், ஆனால் எனக்குப் பிரசவம் ஆனபோது உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தவர்கள். அவர்களை என் பக்கத்தில் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 5

விட்டுப்போனது: ஒரு பெரியம்மாவிடம் போய், "உங்க மகன் கல்யாணத்துக்கு இரண்டாயிரம் திருப்பணும், இப்ப முடியாது" என்றேன். "நூத்தியொண்ணு எழுதி வந்து சாப்பிட்டுப் போடி, மிச்சம் அடுத்த விசேஷத்துக்கு" என்றார். கேட்டால் தவணை கிடைக்கிறது. வங்கியில் கிடைக்காதது.

ஆகஸ்ட் 27

பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டிப் பக்கம் தலைவைக்க முடியாத கூட்டம், வீட்டிலேயே கொழுக்கட்டை. செலவு 310.

நகை, பாத்திரம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்டது உங்கள் சீதனம், அவர் வீட்டில் இருந்தாலும் உங்களுடையதுதான். உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொன்னது. ஆனால் பட்டியல் வேண்டும். ஐயா காலத்தில் வெண்கலப் பானை எத்தனை, எவர்சில்வர் அடுக்கு எத்தனை என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பார்கள். என் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தார்கள், பட்டியல் எடுக்கவில்லை. அம்மா கொடுத்த பித்தளை அண்டா இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் கண் அண்டாவைத் தேடும். அவர் விற்றிருக்க மாட்டார். பழக்கம்.

செப்டம்பர் 9

ஆறுமாதக் கூட்டலில் 180 ரூபாய் இடித்தது. ஐயா சொல்லிக் கொடுத்த வித்தை: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய். தேடினேன். பால் பில் 1,860-ஐ 1,680 என்று எழுதியிருந்தேன். மகளுக்கு இதைக் காட்டியதும் மந்திரம் மாதிரி வாய் பிளந்தாள். இன்னொன்றும் சொன்னேன்: வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடு. செலவை வரவுப் பக்கம் எழுதியிருந்தால் இரட்டிப்பாக இடிக்கும்.

செப்டம்பர் 24

22ஆம் தேதியிலிருந்து தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. என் நோட்டில் காப்பீட்டுக்கு எழுதிய 21,000 கொஞ்சம் குறையும். எவ்வளவு என்று ரசீது வந்த பிறகு எழுதுகிறேன்.

அப்படியே நாமினி (நியமனதாரர்) பெயரையும் பாருங்கள். விவாகரத்து ஆனதும் நாமினி தானாக மாறிவிடாது. என் பி.எஃப்.-இல் இரண்டு வருடம் அவர் பெயரே இருந்தது. நான் செத்திருந்தால் மகளுக்காக என் அப்பா இந்த வயதில் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருப்பார். வங்கி, ஆயுள் காப்பீடு, பி.எஃப். என்று மூன்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து மாற்றினேன்.

சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கும் இதேதான். தீர்ப்பில் "அவர் கட்டுவார்" என்று இருந்தாலும் வங்கிக்கு இரண்டு பேரும் கடன்காரர்கள். கடன் பத்திரத்திலிருந்து உங்கள் பெயரை வங்கி எடுக்கும் வரை அந்தத் தவணையை உங்கள் நோட்டிலும் ஒரு ஓரமாக எழுதி வையுங்கள்.

அக்டோபர் 5

பள்ளத்தூரிலிருந்து ஒருவர்: ஒரே தொகையாக 12 லட்சம் வந்திருக்கிறது, என்ன செய்ய?

ஆறு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். நிலம் காட்டுகிற அண்ணன்கள் வருவார்கள். ஒரே வங்கியில் போட்டால், அது மூழ்கினால் காப்புறுதி ஐந்து லட்சம் வரைதான், பிரித்துப் போடுங்கள். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம் வரை போடலாம், இப்போது 7.4 சதவீதம், மாதம் 5,550 வரும். ஐந்து வருடம். பெரிய பணம் இல்லை, ஆனால் தேதி தவறாது. தேதி தவறாத பணத்தின் அருமை நமக்குத்தான் தெரியும்.

பத்து வயது ஆகாத பெண் பிள்ளை இருந்தால் செல்வமகள் கணக்கு, 8.2 சதவீதம். என் மகளுக்கு டிசம்பரில் பத்து முடிகிறது. மூன்று வருடமாக "அடுத்த மாதம்" என்று தள்ளிப் போட்டேன். இந்த வாரம் போகிறேன்.

அக்டோபர் 11

போனேன். அந்த 4,875-களில் சேர்ந்ததிலிருந்து 10,000 போட்டுத் தொடங்கியாயிற்று. கிளம்பும்போது பாஸ்புக்கை மகள்தான் வைத்துக்கொண்டாள்.

தேவகோட்டைத் தோழியும் எழுதியிருக்கிறார். அவருடைய வருடச் செலவு 78,000, மாதம் 6,500 வருகிறதாம். மிஞ்சுவதாக நினைத்தது 3,500. மாதம் 3,000 இடிக்கிறது. "ஓட்டை தெரிந்துவிட்டது, அடைக்கப் பணம் இல்லை" என்கிறார். ரேஷன் அட்டை வந்துவிட்டதாம், உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அது கிடைத்தால் இரண்டும் சேர்ந்து 1,500. மீதி 1,500-க்கு நான் வழி சொல்ல முடியாது. அவருக்குச் சீடையும் மணகோலமும் நன்றாக வரும் என்று முன்பு ஒரு முறை சொன்னார், தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துப் பார்க்கலாம். வெல்லம், எண்ணெய், கேஸ் கணக்கை மட்டும் வீட்டுக் கணக்கோடு கலக்காமல் இருந்தால் சரி.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்தது. ஒதுக்கியது 12,000, ஆனது 11,340. கணக்கை முடித்தேன், 400 இடிக்கிறது. ஒன்பதால் வகுபடவில்லை. நாளை பார்க்கிறேன், கண் எரிகிறது.

அக்டோபர் 23, காலை

பாதியாக்கினேன். 200-ஐத் தேடினேன். வரவுப் பக்கத்தில், பென்சிலில், கோணல் எழுத்தில்: "வேன் அங்கிள் தீபாவளி 200."

என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எழுதியும் வைத்திருக்கிறாள், பக்கத்தைத்தான் மாற்றிவிட்டாள். எழுப்பிக் கேட்டதற்கு, "நீ கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதை நம்பவில்லை. செலவுப் பக்கத்தில் திருத்தி எழுதிவிட்டேன்.